இஷாப்பூர் .315 ரைஃபிள்: குழல் நீளமும் கைச் சமநிலையும்

மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் .315 (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) வேட்டை ரைஃபிளைப் பற்றிப் பழைய வடாற்காடு மாவட்டத்தில் உரிமம் வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் இரண்டு குறைகள்தான் காதில் விழும். குழல் குட்டையாக இருப்பதால் தூரத்துக் குறிக்கு ஆகாது என்பது ஒன்று. தூக்கினால் கனக்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நான் ஏற்கவில்லை. இந்தத் துப்பாக்கியின் பலமே அதன் குழல் நீளமும் எடை நிற்கும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதுதான் என்பது என் முடிவு. குறைகள் உண்டு, ஆனால் அவை வேறு இடங்களில் இருக்கின்றன. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வேலூர் வட்டாரத்தில் துப்பாக்கியைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போனதால் இராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற கம்மவான்பேட்டை இங்கேதான் இருக்கிறது. படையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பும் பலர், வங்கிக் காவல் பணிக்காக, சிறு குண்டுகளைச் சிதறவிடும் 12 போர் தோட்டாத் துப்பாக்கி வாங்குவார்கள். ரைஃபிள் வாங்குவோர் மிகச் சிலர். நானும் படையில் இருந்துவிட்டு வந்து, அமிர்தி சாலையை ஒட்டிய நிலத்தில் வேளாண்மை செய்பவன். உரிமத்தின்படி தற்காப்புக்காகவும், துப்பாக்கிச் சங்கத்தின் சுடுதளத்தில் பயிற்சி செய்வதற்காகவும் இந்த .315-ஐ வைத்திருக்கிறேன்.

வேட்டைத் துப்பாக்கி என்று எழுதும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை பொழுதுபோக்காக இல்லை. ஜவ்வாது மலை அடிவாரத்தில் வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டுப் போவதும், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் யானை இறங்குவதும் உண்மையான துன்பங்கள்தாம். ஆனாலும் உழவர் தம் கையிலுள்ள துப்பாக்கியை அவற்றின்மீது திருப்பச் சட்டத்தில் இடமில்லை. காட்டுப்பன்றி குறித்துத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆணையும், காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பை வனத்துறையிடமே கொடுத்திருக்கிறது. ஆகவே இங்கே நான் எடை போடுவது வேட்டைக்காக வடிவமைக்கப்பட்ட ஒரு கருவியை. அதை நாம் பயன்படுத்தும் இடம் சுடுதளம்.

இந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் உருவமும் விளங்கும். வெள்ளையர் காலத்தில் படையின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டதால், ஆஸ்திரிய-அங்கேரியப் படையின் 8×50 மான்லிஷர் தோட்டாவை அடியொற்றிய .315 இந்திய வேட்டைக்காரர்களுக்கான தோட்டாவாயிற்று. இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனமும் அந்த அளவில் ரைஃபிள் செய்து இங்கே விற்றது. விடுதலைக்குப் பிறகு இஷாப்பூர், தான் நன்கறிந்த லீ-என்ஃபீல்டு (படையின் .303 ரைஃபிள்) இயந்திரப் பகுதியை எடுத்துக்கொண்டு, அதில் .315 குழலைப் பொருத்தி, மரத்தைக் குறைத்து, வேட்டைக்கு ஏற்ற உருவத்தைத் தந்தது. மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், ஐந்து தோட்டா. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் நிறுவனங்களாக மாற்றப்பட்ட பிறகு, இஷாப்பூர் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. பள்ளி நாளில் என்.சி.சி.-யிலோ, பிறகு காவல்துறையிலோ .303-ஐப் பிடித்தவர்களுக்கு இதன் போல்ட்டை (தோட்டா அறையை மூடித் திறக்கும் எஃகுத் தண்டு) இழுத்துத் தள்ளும் பழக்கம் கைக்கு உடனே வந்துவிடும். தள்ளி மூடும்போதுதான் சுருள்வில் இறுகும் என்பதால், மூடும் தள்ளலில் சற்று உறுதி வேண்டும்.

இனிக் குழல். படையின் பழைய .303-க்குக் குழல் நீளம் 25.2 அங்குலம். என்னிடமுள்ள .315-ன் குழல் அதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு குட்டையானது. வாங்குபவர்கள் அட்டவணையில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல் தாங்களே அளந்து பார்ப்பது நல்லது. அளக்கும் முறை எளிது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, போல்ட்டை மூடி, குழல்வாய் வழியாகத் துடைப்புக் கம்பியை உள்ளே விட்டு, அது போல்ட்டின் முகத்தில் முட்டியதும் குழல்வாயின் விளிம்பில் கம்பியின்மேல் அடையாளம் வைத்து, வெளியே எடுத்து அளக்க வேண்டும். தோட்டா அமரும் அறையும் குழல் நீளத்தில் அடங்கும். வெளியே தெரியும் இரும்பை மட்டும் அளந்துவிட்டுக் குட்டைக் குழல் என்று சொல்பவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள்.

குழல் நீண்டால் தோட்டாவின் வேகம் கூடும் என்பது உண்மை. வெடிவாயு தள்ளுவதற்கு அதிகத் தொலைவு கிடைக்கிறது. எவ்வளவு கூடும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. .315, .30-06 போன்ற நடுத்தரத் தோட்டாக்களில் ஓர் அங்குலக் குழலுக்கு வினாடிக்கு 6 முதல் 8 மீட்டர் அளவில்தான் வேகம் கூடவோ குறையவோ செய்யும். மூன்று அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 20 மீட்டர். வினாடிக்கு 650 மீட்டர் வேகத்தில் கிளம்பும் தோட்டா 630 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாக வைத்துக் கணக்குப் போட்டால், 100 மீட்டர் தொலைவில் அது கீழே இறங்கும் அளவில் ஏற்படும் வேறுபாடு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. மனிதக் கையின் நடுக்கம் அந்தத் தொலைவில் அதைப் போல் பல மடங்கு. 15.8 கிராம் எடையுள்ள, முனை மென்மையான ஈயம் தெரியும் கனத்த .315 தோட்டா, 300 மீட்டருக்கு அப்பால் உள்ள குறியை நினைத்து உருவாக்கப்பட்டதும் அல்ல. அடர்ந்த புதரிலும் காட்டுப் பாதையிலும் கிட்டத்தில் சுடுவதற்காகவே வேட்டைக்காரர்கள் அதை விரும்பினார்கள். அந்தப் பயனுக்கு மூன்று அங்குலம் கூடுதல் குழல் என்பது கிளையில் மாட்டும் மூன்று அங்குலமாகவே இருந்திருக்கும்.

நீண்ட குழல் குறி தவறாது என்ற நம்பிக்கை இன்னும் ஆழமாக வேரூன்றியது. அதற்கு ஒரு பாதி நியாயம் உண்டு. திறந்த முன்குறியையும் பின்குறியையும் கொண்டு சுடும்போது, இரண்டுக்கும் இடையிலான தொலைவு கூடினால் கண்ணின் பிழை குறையும். முன்குறி கால் மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று கொள்ளுங்கள். இரு குறிகளுக்கும் இடைவெளி 50 சென்டிமீட்டர் என்றால், 100 மீட்டரில் தோட்டா 5 சென்டிமீட்டர் விலகும். 58 சென்டிமீட்டர் என்றால் 4.3 சென்டிமீட்டர் விலகும். ஆதாயம் உண்டு, ஆனால் சிறியது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று இருக்கிறது: முன்குறி கண்ணுக்குச் சற்று எட்டத்தில் இருந்தால் மங்காமல் தெரியும். படிப்பதற்குக் கண்ணாடி போடும் வயதில் உள்ளவர், திறந்த குறியோடு மட்டுமே சுடப்போகிறவர் என்றால், நீண்ட குழலை விரும்புவதில் பொருள் உண்டு என்று நானும் சொல்வேன். ஸ்கோப் என்னும் தொலைநோக்கிக் குறியைப் பொருத்திவிட்டால் இந்தக் கணக்கே கிடையாது.

மறுபாதி தலைகீழானது. ஒரே தடிமனுள்ள குழல்களில் நீளமானதே அதிகம் அதிரும். வளைவு நீளத்தின் மும்மடியாகக் கூடுகிறது. 22 அங்குலக் குழலையும் அதே தடிமனில் 26 அங்குலக் குழலையும் வைத்துப் பார்த்தால், பின்னது ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேலாக வளையும். ஆகையால் நீண்ட குழலை அமைதியாக வைத்திருக்க வேண்டுமானால் தடிமனையும் கூட்ட வேண்டும். தடிமன் கூடினால் எடை கூடும். அந்த எடை முழுவதும் கைக்கு முன்னால் போய் உட்காரும். குழல் நீளத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் சமநிலையில் வந்து முடிவது இதனால்தான்.

சமநிலை என்றால் விரல்மேல் வைத்து எங்கே நிற்கிறது என்று பார்ப்பது மட்டும்தான் என்று கடைகளில் காட்டுவார்கள். அது தொடக்கம்தான். ஒரே புள்ளியில் நிற்கும் இரண்டு துப்பாக்கிகள் தோளில் முற்றிலும் வெவ்வேறாக நடந்துகொள்ளும். காவடித் தண்டின் இரு முனையிலும் சுமையைக் கட்டினாலும், அதே சுமையை நடுவில் சேர்த்துக் கட்டினாலும், தண்டு தோளில் நிற்கும் புள்ளி ஒன்றுதான். ஆனால் முனைகளில் கட்டியதை உடம்போடு திருப்புவது கடினம், திரும்பத் தொடங்கிவிட்டால் நிறுத்துவதும் கடினம். துப்பாக்கியில் முனைச்சுமை என்பது குழலின் கடைசி சில அங்குலங்கள். வெளி விட்டம் 16 மில்லிமீட்டரும் உள்விட்டம் 8 மில்லிமீட்டரும் உள்ள எஃகுக் குழலில் ஓர் அங்குலத்தின் எடை 30 கிராம்தான். இரண்டு அங்குலம் 60 கிராம். ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் நீளமும் மூன்றரைக் கிலோ எடையும் உள்ள ரைஃபிளைச் சீரான ஒரு கம்பியாக எண்ணிக் கணக்கிட்டால், அந்த 60 கிராம் மொத்த எடையில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை; திருப்புவதற்கு எதிராக நிற்கும் மந்தத்திலோ ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு. தராசில் தெரியாத வேறுபாட்டைத் தோள் உணர்வது இப்படித்தான்.

இதில் எது நல்லது என்பது சுடுபவர் செய்யும் வேலையைப் பொறுத்தது. நின்ற நிலையில், கையூன்றாமல், அசையாத குறியைச் சுடுபவருக்கு முன்பக்கம் சற்றுக் கனத்த துப்பாக்கியே உதவும். மூச்சின் அசைவையும் நாடித்துடிப்பையும் அந்தக் கனம் விழுங்கிவிடும். முனை மிக இலேசான துப்பாக்கி தோளுக்கு ஏறுவதில் வேகமாக இருக்கும், ஆனால் குறியைச் சுற்றிச் சுற்றி அலையும். நடந்துகொண்டே இருந்துவிட்டுத் திடீரெனத் தூக்கிச் சுட வேண்டியிருந்த வேட்டைக்காரருக்கு இவ்விரண்டுக்கும் நடுவிலான ஒன்று தேவைப்பட்டது. இரண்டு கைகளுக்கும் இடையில், இடக்கைக்குச் சற்றே நெருக்கமாக எடை நிற்கும் துப்பாக்கியைத்தான் அவர்கள் தேர்ந்தார்கள். 1903-இல் வந்த மான்லிஷர்-ஷோனவர் குட்டை ரைஃபிளின் குழல் 45 சென்டிமீட்டர்தான்; குழலைத் தாங்கும் அதன் மரக் கட்டையைக் குழல்வாய் வரை நீட்டினார்கள். மலைச்சரிவில் ஏறி இறங்கத் தோதான நீளத்தை வைத்துக்கொண்டே முன்பக்கத்துக்கு ஒரு நிதானத்தையும் அது கொடுத்தது.

.315-க்கு வருவோம். லீ-என்ஃபீல்டு இயந்திரப் பகுதி எஃகுச் சுமை. அது முழுவதும் நடுவில் இருக்கிறது. குழல் அளவாக இருப்பதால் முனை இழுப்பதில்லை. கட்டையின் பின்பகுதி தனி மரமாக, நீண்ட ஒரு திருகாணியால் இயந்திரப் பகுதியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் போதிய கனமுடையது. இதன் விளைவாக எடை மேகசினுக்குச் சற்று முன்னே வந்து நிற்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. தோட்டாக்கள் இருக்கும் மேகசின் சமநிலைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஐந்து தோட்டாவும் நிறைந்திருக்கும்போதும் கடைசித் தோட்டா மட்டும் மிஞ்சியிருக்கும்போதும் கையில் துப்பாக்கி ஒரே மாதிரிதான் இருக்கிறது. சுடுதளத்தில் முதல் குறிக்கும் ஐந்தாவது குறிக்கும் இடக்கை தன் இடத்தை மாற்ற வேண்டியதில்லை. கனக்கிறது என்று குறை சொல்பவர்கள் தராசு காட்டும் எடையைச் சொல்கிறார்கள். தோளில் வைத்துப் பார்த்தால் இது தன் எடையைவிட இலேசாக நடந்துகொள்ளும் துப்பாக்கி. அந்த எடை இல்லாமலிருந்தால் 15.8 கிராம் தோட்டா தோளில் கொடுக்கும் உதையை யாரும் இரண்டாவது முறை ஏற்க விரும்பமாட்டார்கள்.

குறைகளைச் சொல்கிறேன். முதலாவது, ஒரு கையால் தூக்கி நடக்கும்போது சமநிலைப் புள்ளியைப் பிடித்தால் மேகசினின் முன்விளிம்பு உள்ளங்கையில் இடிக்கிறது. தோளில் சிறப்பாக இருக்கும் அதே சமநிலை, நடையில் இடைஞ்சலாகிவிடுகிறது. வார் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வதே வழி. இரண்டாவது, ஸ்கோப். மேலிருந்து தோட்டா நிரப்புவதற்காக அமைந்த இயந்திரப் பகுதி இது. அதன்மேல் ஸ்கோப்பைப் பொருத்தினால் நிரப்பும் வழி குறுகும், ஸ்கோப் உயர்ந்து நிற்கும், கன்னம் கட்டையில் பதியாது. தாங்கியோடு சேர்ந்து அரைக்கிலோ அளவு எடை உச்சியில் ஏறும்போது துப்பாக்கி பக்கவாட்டில் சாயப் பார்க்கிறது. இதன் அழகான சமநிலையைக் கெடுக்கும் செலவு அது என்பது என் கருத்து. 100 மீட்டருக்குள் சுடுபவர்கள் திறந்த குறியோடு நிற்பதே நல்லது. மூன்றாவது, ஓசை. குழல் குட்டையாகும்போது குழல்வாய் காதுக்கு நெருங்குகிறது, வெடிப்பின் ஓசையும் முனைத்தீயும் கூடுகின்றன. சுடுதளத்தில் காதுக்காப்பு இல்லாமல் இதைச் சுடவே கூடாது. பக்கத்தில் நிற்பவருக்கும் அது வேண்டும்.

நான்காவது குறை வேலூரின் வெயிலோடு தொடர்புடையது. முன்கட்டை மரம் குழலோடு எங்கே தொடுகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதில் லீ-என்ஃபீல்டு வகைத் துப்பாக்கிகள் மிகவும் நுட்பமானவை. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் மரம் வற்றிச் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிப் பருக்கும். அதற்கேற்பக் குறி நகர்கிறது. கோடையில் சரிபார்த்த குறியை மழைக்காலத்தில் மறுபடி சரிபார்க்காமல் நம்பக்கூடாது. ஆளிவிதை எண்ணெயை மரத்தில் மெல்லியதாகத் தேய்த்து ஊறவிடுவது, முன்கட்டைத் திருகாணிகளையும் பின்கட்டையின் நீண்ட திருகாணியையும் பருவம் மாறும்போது பார்த்து இறுக்குவது ஆகிய இரண்டையும் பழக்கமாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும். பின்கட்டை தளர்ந்திருந்தால், எவ்வளவு நல்ல சமநிலையும் தோளில் பயன் தராது.

கட்டையின் நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். துப்பாக்கி கனக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் கட்டைதான் நீளம். விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை உள்ள தொலைவு உடம்புக்கு மிகுதியாக இருந்தால், இடக்கை முழுவதும் நீள வேண்டியிருக்கும், நீண்ட கை சீக்கிரம் தளரும், முனை தாழும், பழி குழலின் மேல் விழும். படைக்கான லீ-என்ஃபீல்டு கட்டைகளே அரை அங்குல வேறுபாட்டில் பல அளவுகளில் வந்தன. ஆளுக்கேற்ற கட்டையைத் தேர்ந்து மாட்டினார்கள். நம் ஊர் உடல்வாகுக்குக் குட்டைக் கட்டையே பெரும்பாலும் பொருந்தும். உதை தாங்கும் ரப்பர்த் தலையணையை அப்படியே கட்டையின் முடிவில் ஒட்டிக்கொள்பவர்கள், நீளத்தையும் கூட்டி எடையையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

என் அண்ணன் மகன் நியூசிலாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே மான்வேட்டைக்குச் சட்டப்படி இடமிருக்கிறது. உரிமம் எடுத்த பிறகு, "சித்தப்பா, 20 அங்குலக் குழல் வாங்கட்டுமா, 24 அங்குலமா? நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டான். அவன் இருக்கும் நாட்டில் ஓசையடக்கி பொருத்துவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட, பரவலான வழக்கம். ஓசையடக்கியே ஒரு சாண் நீளத்துக்கு முனையில் சேர்ந்துகொள்ளும் என்பதால், அங்கே பலரும் 16 முதல் 20 அங்குலக் குழலையே தேர்கிறார்கள். 24 அங்குலக் குழலின் முனையில் அதையும் மாட்டினால், நான் மேலே சொன்ன முனைச்சுமை அப்படியே வந்து சேரும். புதர்க்காட்டில் மான் தேடுபவன் என்பதால் 20 அங்குலத்தை வாங்கச் சொன்னேன். அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் போன்ற திறந்த வெளியில், அதிக மருந்து எரிக்கும் மேக்னம் தோட்டாவோடு, படுத்தோ ஊன்றியோ நீண்ட தொலைவு சுடுபவராக இருந்தால் 24, 26 அங்குலம் என்று சொல்லியிருப்பேன். அந்தத் தோட்டாக்கள் குட்டைக் குழலில் வேகத்தை உண்மையாகவே அதிகம் இழக்கும். .22 தோட்டாவோ 16 அங்குலத்துக்குள்ளேயே தன் வேகத்தைப் பெரும்பாலும் எட்டிவிடும். அதற்கு மேல் நீளும் குழல் குறியின் இடைவெளிக்காகவும் நிதானத்துக்காகவும் மட்டுமே. தோட்டாவையும் நிலத்தையும் சொல்லாமல் குழல் நீளத்தை மட்டும் கேட்பவருக்கு விடை கிடையாது.

நம் ஊரில் கடைக்குப் போய்த் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவர் செய்ய வேண்டிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். வேலூரிலோ சென்னையிலோ, உரிமம் பெற்ற எந்தக் கடையிலும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள். கடைக்காரரைக் கொண்டே தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டு, பாதுகாப்பான சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுங்கள். கண்ணைத் திறக்கும்போது குறி அந்தப் புள்ளியின் கீழே நின்றால் முனை கனம் அல்லது கட்டை நீளம், மேலே நின்றால் முனை இலேசு. பிறகு அதே நிலையில் இருபது வரை எண்ணுங்கள். பத்தாவது எண்ணுக்குள் முனை இறங்கத் தொடங்கினால் அந்தத் துப்பாக்கி உங்களுடையதல்ல. அடுத்து, சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குறியை மெதுவாக நகர்த்தி நடுவில் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய இடத்தைத் தாண்டி முனை ஓடினால் குழல் உங்கள் கைக்கு நீளம். .315-ஐ இந்த மூன்று சோதனைகளிலும் நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். 30 அங்குலக் குழல் கொண்ட இரட்டைக்குழல் 12 போரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். பறவையின் பறப்போடு சேர்ந்து ஓட வேண்டிய துப்பாக்கிக்கு அந்த நீண்ட முனையோட்டம் தேவை, ரைஃபிளுக்குத் தேவையில்லை.

வாங்கிய பிறகு குழலைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்கக்கூடாது. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி, அதற்கென்று தனி உரிமம் இல்லாமல் துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்குவது குற்றம். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் பொதுமக்கள் கேட்கும், உள்புரி (குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளம்) இல்லாத துப்பாக்கியின் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்று அளவையே எழுதி வைத்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பட்டறையில் அறுத்த குழல்வாய் வட்டம் பிசகாமல் அமைவது அரிது. தோட்டாவைக் கடைசியாகத் தொட்டு அனுப்பும் விளிம்பு அதுதான், அங்கே ஒரு மயிரளவு சாய்வு இருந்தாலும் குறி சிதறும்.

பழைய .315 ஒன்றை இன்னொரு உரிமதாரரிடமிருந்து மாற்றி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தக் குழல்வாயைத்தான். நம் மாவட்டத்தில் கைமாறும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை சுட்டுத் தேய்ந்தவை அல்ல, துடைக்காமல் கெட்டவை. தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைத்து வைக்கப்படும் துப்பாக்கிகள், எண்ணெய் தடவாமல் கொடுக்கப்பட்டால் வாரக்கணக்கில் புழுக்கத்தில் கிடந்து குழலுக்குள் துரு ஏற்றிக்கொள்கின்றன. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, போல்ட்டைக் கழற்றிய பக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே புரிகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். கரும்புள்ளிகள் தோட்டா அறையை ஒட்டித் தெரிந்தால் விலையைப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். துடைப்புக் கம்பியைக் குழல்வாய் வழியாகவே இடித்து இடித்துத் துடைத்தவர்களின் துப்பாக்கியில் அந்த வாயே ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். பின்கட்டைக்கும் இயந்திரப் பகுதிக்கும் இடையே மரம் பிளந்திருக்கிறதா என்பதை அதற்குப் பிறகு பாருங்கள்.

ஆவணங்களில் ஒன்றை நினைவூட்டுகிறேன். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆனதால், பழைய உரிமங்களில் மாவட்டப் பெயர் ஒன்றாகவும் இப்போதைய முகவரி வேறு மாவட்டத்திலும் இருப்பது உண்டு. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. ஏற்கெனவே 12 போர் ஒன்று வைத்திருப்பவர் இந்த ரைஃபிளை வாங்கினால் அவருடைய எண்ணிக்கை அத்துடன் நிறைந்துவிடும். ஆகவே விற்பவரின் உரிமத்தில் உள்ள துப்பாக்கி எண்ணையும், இயந்திரப் பகுதியிலும் குழலிலும் பொறித்திருக்கும் எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு உரிமங்களிலும் தனித்த அடையாள எண் இருப்பதை உறுதி செய்துகொண்ட பின்பே மாற்று விண்ணப்பத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். எண்கள் ஒத்துப்போகாத துப்பாக்கிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.